இரண்டு வெளித்திரைகளுக்கு எந்த அடாப்டர்: வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

மடிக்கணினியுடன் இரண்டு வெளித்திரைகளை இணைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அடாப்டர்களை ஒப்பிடுவதிலிருந்தே தொடங்குகிறார்கள். இரண்டு எச்.டி.எம்.ஐ. போர்ட் கொண்ட சிறிய பெட்டி ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது; ஏறக்குறைய அதே தோற்றமுள்ள இன்னொன்று பல மடங்கு விலைக்கு விற்கிறது. இரண்டின் அட்டைப்பெட்டியிலும் "இரட்டைத் திரை, 4கே" என்றே அச்சிட்டிருக்கும். ஆனால் எத்தனை திரைகளில், எந்த ரெசல்யூஷனில் படம் வரும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது மடிக்கணினிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் சிப்பும், அந்தச் சிப்பிலிருந்து எந்தப் போர்ட்டுக்கு என்ன இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்பதும்தான். அடாப்டர் தனக்குக் கிடைப்பதைப் பிரித்துத் தருகிறது. இல்லாததை உண்டாக்கித் தருவதில்லை. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆகவே எதையும் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, கிராஃபிக்ஸ் சிப் ஒரே நேரத்தில் எத்தனை திரைகளை இயக்கும் என்பது. இன்டெலின் உட்பொதிந்த கிராஃபிக்ஸில் 10ஆம் தலைமுறை வரை பொதுவாக மூன்று திரைகளும், 11ஆம் தலைமுறையின் ஐரிஸ் எக்ஸ்இ முதல் நான்கு திரைகளும் இயங்கும்; மடிக்கணினியின் சொந்தத் திரையும் இந்தக் கணக்கில் அடங்கும். இரண்டாவது, டைப்-சி போர்ட்டின் வகை. வடிவம் ஒன்றாக இருப்பதாலேயே எல்லா டைப்-சி போர்ட்டும் ஒன்றாகிவிடாது. சிலவற்றில் தரவு மட்டும் போகும், சிலவற்றில் தரவுடன் சார்ஜும் ஏறும், சிலவற்றில்தான் டிஸ்ப்ளேபோர்ட் எனப்படும், திரைக்கான படச் சமிக்ஞையும் வெளியே வரும். குறைந்த விலை மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது முதல் வகைதான். அதில் எவ்வளவு விலையுயர்ந்த எச்.டி.எம்.ஐ. ஹப்பைச் செருகினாலும் மவுஸும் பென்டிரைவும் வேலை செய்யும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். போர்ட்டின் அருகே 'டி', 'பி' எழுத்துகள் பிணைந்த சின்னமோ, தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்பைக் குறிக்கும் மின்னல் சின்னமோ இருந்தால் நல்லது. சின்னம் இல்லையென்றால் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் அந்த மாடலின் டைப்-சி வரியில் 'டிஸ்ப்ளேபோர்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று தேட வேண்டும். கடைக்காரரின் வாய்மொழி உத்தரவாதத்தைவிட அந்த ஒரு வரி நம்பகமானது.

இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பலருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். விண்டோஸ் மடிக்கணினி ஒன்றில் எச்.டி.எம்.ஐ. போர்ட்டும், படம் வெளியிடும் டைப்-சி போர்ட்டும் இருக்குமானால், ஒரு திரையை எச்.டி.எம்.ஐ. கேபிளிலும் இன்னொன்றை டைப்-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குச் செல்லும் கேபிளிலும் நேரடியாக இணைப்பதே என் கணிப்பில் மிகச் சிறந்த வழி. இரண்டு திரைகளுக்கும் தனித்தனி இணைப்பு கிடைக்கிறது, ஒன்றின் ரெசல்யூஷனுக்காக மற்றொன்றைக் குறைக்க வேண்டியதில்லை, டிரைவர் என்ற இயக்கு மென்பொருள் எதுவும் நிறுவ வேண்டியதில்லை, கெட்டுப்போகக்கூடிய மின்னணுப் பெட்டி எதுவும் நடுவில் இல்லை. கவனிக்க வேண்டியது எச்.டி.எம்.ஐ. போர்ட்டின் பதிப்பு: 1.4 என்றால் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும், மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகர்வது கண்ணுக்கே தெரியும், 2.0 முதல் 60 முறை கிடைக்கும். இந்த ஏற்பாட்டின் குறை, மேசையில் உட்காரும்போதும் எழும்போதும் இரண்டு மூன்று கேபிள்களைச் செருகிக் கழற்ற வேண்டியிருப்பதுதான். மடிக்கணினி பெரும்பாலும் மேசையிலேயே இருக்கும் வீடுகளில் அதைக் குறையாகவே எண்ண வேண்டியதில்லை.

இங்கேயே ஒன்றைத் தள்ளிவைத்துவிடலாம். எச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டர் என்ற பெயரில் மலிவாக விற்கும் பெட்டி இந்த வேலைக்கானது அல்ல. கோயில் திருவிழாவில் ஒரே ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு குழாய் ஸ்பீக்கர்களுக்கு ஒயர் இழுத்தால் இரண்டிலும் ஒரே பாட்டுதான் ஒலிக்கும்; அதுபோல ஸ்ப்ளிட்டரும் ஒரே படத்தை இரண்டு திரைகளிலும் காட்டும். கடையில் இரண்டு டி.வி.களில் ஒரே விளம்பரத்தை ஓட்ட அது போதும். ஒரு திரையில் கணக்குத் தாளும் மற்றொன்றில் மின்னஞ்சலும் வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு அதனால் பயனில்லை.

போர்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அல்லது ஒரே கேபிளில் எல்லாம் முடிய வேண்டும் என்ற நிலையில்தான் ஹப் தேவைப்படுகிறது. விண்டோஸ் பயனர்களுக்கு அப்போது முதலில் பார்க்க வேண்டியது எம்.எஸ்.டி. (மல்டி-ஸ்ட்ரீம் டிரான்ஸ்போர்ட்) ஹப். 2010இல் வெளியான டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இந்த வசதியைக் கொண்டுவந்தது: ஒரே கேபிளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளுக்கான படங்கள் தனித்தனி ஓடைகளாகச் செல்லும், மறுமுனையில் உள்ள ஹப் அவற்றைப் பிரித்து உரிய திரைக்கு அனுப்பும். படத்தை உருவாக்குவது கிராஃபிக்ஸ் சிப்பே என்பதால் மென்பொருள் எதுவும் தேவையில்லை, அதனால் தாமதமும் ஏற்படுவதில்லை. ஆனால் கேபிளின் மொத்தக் கொள்ளளவை எல்லாத் திரைகளும் பகிர்ந்துகொள்கின்றன. அட்டைப்பெட்டியின் வாக்குறுதிக்கும் மேசையில் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளி இந்தப் பகிர்வில்தான் பிறக்கிறது. கணக்கு எளிதானதே, ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

டைப்-சி போர்ட்டில் அதிவேகத் தடங்கள் நான்கு உள்ளன. நான்கையும் படத்துக்கே கொடுத்தால் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் நொடிக்கு 17.28 ஜிகாபிட் பயன்படு கொள்ளளவும், 1.4 வேகத்தில் 25.92 ஜிகாபிட்டும் கிடைக்கும். ஆனால் ஹப்பில் வேகமான யு.எஸ்.பி. 3 போர்ட்களும் இருக்குமானால், சாதாரணமாக இரண்டு தடங்கள் அவற்றுக்குப் போய்விடும்; படத்துக்கு மிஞ்சுவது பாதி, அதாவது 8.64 அல்லது 12.96 ஜிகாபிட். இனித் திரைகளின் தேவையைப் பார்க்கலாம். 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும்போது, 1920×1080 திரை ஒன்றுக்கு ஏறக்குறைய 3.3 ஜிகாபிட், 2560×1440 திரைக்கு 5.8, 4கே (3840×2160) திரைக்கு 12.8 ஜிகாபிட் வேண்டும். ஆகவே 24 அங்குல 1080 திரைகள் இரண்டு என்றால் மிகப் பழைய, பாதித் தடங்களே கொண்ட ஹப்பிலும் அவை தாராளமாக இயங்கும். 27 அங்குல 1440 திரைகள் இரண்டு என்றால் 11.6 ஜிகாபிட் தேவை. பாதித் தடங்களில் 1.2 வேகத்துக்கு அது அடங்காது, 1.4 வேகத்துக்கு அடங்கும். 4கே திரைகள் இரண்டு என்றாலோ நான்கு தடங்களும் 1.4 வேகமும் சேர்ந்தால்கூட விளிம்பில்தான் நிற்கும். படத்தைச் சுருக்கி அனுப்பும் டி.எஸ்.சி. என்ற வசதி மடிக்கணினி, ஹப் இரண்டிலும் இருந்தால்தான் இரண்டு திரைகளையும் 60 ஹெர்ட்ஸில் நிம்மதியாக ஓட்டலாம். "இரட்டை 4கே" என்று எழுதப்பட்ட மலிவு ஹப்புகளின் விவரப் பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் 30 ஹெர்ட்ஸ் என்று இருப்பதன் காரணம் இதுவே. எழுத்துப் பணிக்கும் அலுவலகப் பணிக்கும் 1080 அல்லது 1440 திரைகளே போதும் என்பவர், இந்தக் கணக்கைப் போட்ட பிறகு விலை குறைந்த எம்.எஸ்.டி. ஹப்பையே துணிந்து வாங்கலாம்.

இந்தப் பரிந்துரை மேக் பயனர்களுக்குச் சிறிதும் பொருந்தாது. மேக் இயங்குதளம் எம்.எஸ்.டி. வழியாகத் திரைகளை விரிவாக்குவதில்லை. விண்டோஸில் இரண்டு தனித்தனிப் படங்களைக் காட்டும் அதே ஹப், மேக்புக்கில் செருகியதும் இரண்டு வெளித்திரைகளிலும் ஒரே படத்தைக் காட்டும். ஹப் பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்புபவர்கள் ஏராளம். பழுது எதுவும் இல்லை. இதற்கு மேல் சிப்பின் வரம்பு ஒன்றும் உண்டு. 2020இல் வந்த எம்1 சிப் கொண்ட மேக்புக் ஏரும் 13 அங்குல மேக்புக் புரோவும் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் இயக்கும்; எம்2 சிப் கொண்ட அவற்றின் அடுத்த மாடல்களும் அப்படியே. அதே எம்1 சிப் மேக் மினியில் இரண்டு திரைகளை இயக்குகிறது என்பதைக் கவனித்தால் நிலைமை புரியும்: மடிக்கணினியில் அந்த இரண்டில் ஒன்றைச் சொந்தத் திரை எடுத்துக்கொள்கிறது. 2024இல் வந்த எம்3 மேக்புக் ஏர், மூடியை மூடி வைத்தால் இரண்டு வெளித்திரைகளை ஏற்கும். 2025இன் எம்4 மேக்புக் ஏர்தான் மூடி திறந்திருக்கும்போதே இரண்டையும் ஏற்கிறது. புரோ, மேக்ஸ் என்ற பின்னொட்டுள்ள சிப்களில் தொடக்கத்திலிருந்தே இந்தத் தட்டுப்பாடு இல்லை: எம்1 புரோ இரண்டு வெளித்திரைகளையும், எம்1 மேக்ஸ் நான்கையும் இயக்கும்.

திரைகள், சார்ஜ், பிற சாதனங்கள் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் இணைக்கும் பெட்டியான தண்டர்போல்ட் டாக் பற்றிய மிகப் பெரிய தவறான நம்பிக்கை இந்த இடத்தில்தான் எழுகிறது. விலை அதிகம், ஆகவே எல்லாத் தடையையும் நீக்கிவிடும் என்று நினைத்து எம்1 மேக்புக் ஏருக்குத் தண்டர்போல்ட் டாக் வாங்குபவருக்குக் கிடைப்பது அதே ஒரு வெளித்திரைதான். தடை சிப்பில் இருக்கும்போது கேபிளின் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. மற்றபடி தண்டர்போல்ட் 3, 4 ஆகியவற்றின் நொடிக்கு 40 ஜிகாபிட் இணைப்பு மதிப்புமிக்கதே. தண்டர்போல்ட் 4 முத்திரை பெற்ற மடிக்கணினி இரண்டு 4கே திரைகளை ஏற்றாக வேண்டும் என்பது அந்தத் தரத்தின் நிபந்தனை; முன்பு சொன்ன தடக் கணக்கையெல்லாம் போடாமலே இரண்டு 4கே திரைகள், வேகமான வன்தட்டு, ஈதர்நெட், சார்ஜ் ஆகிய அனைத்தையும் ஒரே கேபிளில் பெற்றுவிடலாம். எம்1 புரோவோ எம்4 ஏரோ வைத்திருப்பவருக்கும், தண்டர்போல்ட் உள்ள அலுவலக மடிக்கணினியுடன் 4கே திரைகள் இரண்டை இணைக்க வேண்டியவருக்கும் இது நேர்த்தியான வழி. விலைதான் கசப்பு: 1080 திரைகள் இரண்டை மட்டும் இணைக்க இதை வாங்கினால், டாக்கின் விலை ஒரு திரையின் விலையைத் தாண்டிவிடும். அலுவலகம் வாங்கித் தருமானால் மறுக்க வேண்டாம். சொந்தக் காசு என்றால் இரண்டு 4கே திரைகள் ஏற்கெனவே மேசையில் இருக்கும்போது மட்டும் யோசிக்கலாம்.

தொடக்கத்தில் சொன்ன விதிவிலக்கு டிஸ்ப்ளேலிங்க். இந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கிய நிறுவனத்தை 2020இல் சினாப்டிக்ஸ் வாங்கியது. பல நிறுவனங்களின் டாக்குகளுக்குள் இருப்பது டிஸ்ப்ளேலிங்க் சிப்தான். இது கிராஃபிக்ஸ் சிப்பின் வெளியீட்டை நம்புவதில்லை. மடிக்கணினியில் நிறுவப்படும் டிரைவர் திரைக்கான படத்தைச் சுருக்கிச் சாதாரண யு.எஸ்.பி. தரவாக அனுப்புகிறது, டாக்கில் உள்ள சிப் அதை மீண்டும் படமாக்குகிறது. அதனால்தான் தரவு மட்டும் போகும் டைப்-சி போர்ட்டிலும், பழைய மடிக்கணினியின் செவ்வக யு.எஸ்.பி. 3 போர்ட்டிலும், ஒரே வெளித்திரைக்கு மேல் ஏற்காத எம்1, எம்2 மேக்புக்கிலும்கூட இது இரண்டாம் திரையைக் கொண்டுவந்துவிடுகிறது. இதே வழியில் இயங்கும் இன்ஸ்டன்ட்வியூ என்ற சிலிக்கன் மோஷனின் தொழில்நுட்பமும் சந்தையில் உண்டு. அதன் மென்பொருள் அடாப்டருக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கும் என்பதுதான் முக்கிய வேறுபாடு.

இந்தச் சலுகைக்கு விலையாகக் கொடுக்க வேண்டியவையும் உண்டு. படத்தைச் சுருக்கும் வேலை மடிக்கணினியின் செயலியின் மேல் விழுவதால், திரையில் அசைவு மிகும்போது செயலியின் சுமையும் விசிறியின் சத்தமும் கூடும். எழுத்து, கணக்குத் தாள், நிரல் போன்றவற்றில் வேறுபாடு தெரியாது. விளையாட்டிலும் காணொளித் தொகுப்பிலும் தெரியும். மேக்கில் அந்த மென்பொருளுக்குத் திரைப்பதிவு அனுமதி கொடுக்க வேண்டும், ஏனெனில் அது செய்வது உண்மையில் திரையைப் பதிவு செய்து அனுப்புவதுதான். அதன் விளைவாக நெட்ஃபிளிக்ஸ் போன்ற நகல் பாதுகாப்புள்ள காணொளிகள் அந்த மென்பொருள் இயங்கும்போது பெரும்பாலும் கறுப்பாகவே தெரியும். இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் டிரைவரும் புதுப்பிக்கப்படும் வரை திரை வராமல் போவது இவ்வகை டாக்குகளில் புதிதல்ல. எல்லாவற்றையும்விடப் பெரிய தடை அலுவலக மடிக்கணினிகளில் வருகிறது: மென்பொருள் நிறுவ நிர்வாகி அனுமதி வேண்டும். திரைப்பதிவு அனுமதி கேட்கும் ஒரு மென்பொருளைத் தகவல் பாதுகாப்புப் பிரிவினர் எளிதில் ஏற்க மாட்டார்கள். அவர்கள் தயக்கம் நியாயமானதும்கூட. டாக்கை வாங்குவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது பணத்தைக் காப்பாற்றும். என் கருத்தில் டிஸ்ப்ளேலிங்க், வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய நல்ல வழி; வேறு வழி இருக்கும்போது தேர்ந்தெடுக்க வேண்டியதல்ல.

இரண்டு திரைகள் என்ற முடிவையே மறுபரிசீலனை செய்ய வைக்கும் மாற்று ஒன்று உண்டு; அடாப்டர் விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. 34 அங்குல அகலத்திரையின் 3440×1440 ரெசல்யூஷன், 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 7.7 ஜிகாபிட்டையே கேட்கிறது. பாதித் தடங்களே உள்ள பழைய இணைப்பின் 8.64 ஜிகாபிட்டுக்குள் அது அடங்கிவிடுகிறது. சிப்பின் கணக்கில் அது ஒரே திரை என்பதால் எம்1 மேக்புக் ஏருக்கும் தடையில்லை. நடுவில் சட்டம் இல்லாமல் இரண்டு சாளரங்களை அருகருகே வைத்துக்கொள்ளலாம். புதிதாகத் திரைகளையும் சேர்த்து வாங்கப் போகிறவர், இரண்டு திரைகள், டாக், கேபிள்கள் ஆகியவற்றின் மொத்த விலையை இந்த ஒரு திரையின் விலையோடு வைத்துப் பார்க்க வேண்டும். கூட்ட அழைப்பில் ஒரு முழுத் திரையை மட்டும் மற்றவர்களுக்குக் காட்டும் வழக்கமுள்ளவர்களுக்குத் தனித்தனித் திரைகளே வசதி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சில சிறு பொருள்கள் காரியத்தைக் கெடுக்கக்கூடும். கைப்பேசியோடு வந்த டைப்-சி கேபிள் பெரும்பாலும் சார்ஜுக்கும் யு.எஸ்.பி. 2 வேகத்துக்கும் மட்டுமே ஆனது, அதில் படம் போகாது. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் அடாப்டரைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது, மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே உள்ள திரைக்குப் போக, தனி மின்சாரம் எடுக்கும் வேறு வகை மாற்றி வேண்டும். ஹப் வழியாகச் சார்ஜ் செய்யும்போது ஹப் தனக்காகப் பத்துப் பதினைந்து வாட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், மடிக்கணினி 65 வாட் கேட்டால் சார்ஜர் அதற்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும்.

இன்று பல வீடுகளில் இருப்பது இவை எல்லாவற்றிலும் சிக்கலான நிலை: அலுவலகம் தந்த விண்டோஸ் மடிக்கணினியும் சொந்தமான மேக்புக் ஏரும் ஒரே மேசையையும் அதே இரண்டு திரைகளையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு டாக் தேடினால், மேக் எம்1 அல்லது எம்2 ஆக இருக்கும் பட்சத்தில், டிஸ்ப்ளேலிங்க் மட்டுமே மிஞ்சும். அதை அலுவலக மடிக்கணினி அனுமதிக்காமல் போகலாம். பொது டாக் என்ற எண்ணத்தையே கைவிடுவது மேல். பெரும்பாலான திரைகளில் குறைந்தது இரண்டு உள்ளீடுகள் இருக்கின்றன. அலுவலக மடிக்கணினியை எம்.எஸ்.டி. ஹப் வழியாகவோ நேரடிக் கேபிள்களிலோ இரண்டு திரைகளின் டிஸ்ப்ளேபோர்ட் உள்ளீட்டிலும், மேக்கை டைப்-சியிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குச் செல்லும் ஒற்றைக் கேபிளில் முதல் திரையின் எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டிலும் நிரந்தரமாக இணைத்துவிட்டால், மாலையில் அலுவலகக் கணினியை மூடிய பிறகு திரையின் உள்ளீட்டை மாற்றும் பொத்தானை அழுத்துவதோடு வேலை முடிகிறது. சொந்த வேலைக்கும் இரண்டு வெளித்திரைகள் கட்டாயம் வேண்டும் என்பவர் மட்டும், மேக்குக்கென்று ஒரே எச்.டி.எம்.ஐ. வெளியீடுள்ள சிறிய டிஸ்ப்ளேலிங்க் அடாப்டரைக் கூடுதலாக வாங்கி இரண்டாம் திரையில் செருகிக்கொள்ளலாம். முதல் திரை நேரடி இணைப்பில் இருப்பதால், நகல் பாதுகாப்புள்ள காணொளிகளை அந்தத் திரையில் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கும்போது டிஸ்ப்ளேலிங்க் மென்பொருளை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும்.